பின்கதவு இல்லாத தோட்டம்

அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. தை பிறந்தபோது தென்னேரி ஏரியின் நடுமடுவில் மாடுகள் இறங்கி நின்று சேற்றை முகர்ந்துகொண்டிருந்தன. கழனி வேலை அற்றுப்போனவர்கள் பிழைப்புத் தேடிக் காஞ்சிபுரத்துக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் இங்கே தறியே நின்று கிடந்தது. பட்டுநூல் விலை ஏறி ஏறி, கடைசியில் நூல் வருவதே நின்றுபோயிருந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் அது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தறிச்சத்தம் ஓயாத தெருக்களில் காக்கை கத்துவது தனியாகக் கேட்டது.

துரைக்கண்ணு என்கிற நெசவாளர் தன் தெருக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பங்குனியில் கஞ்சித்தொட்டி திறந்தார். தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிற வேப்பமரச் சாலை சும்மாதான் கிடந்தது. அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். மண்டிக்காரர்கள் நொய் கொடுத்தார்கள். சுற்றுக் கிராமத்திலிருந்து கேழ்வரகு வந்தது. பதினொரு மணிக்கு மேல் அந்தச் சாலையில் அலுமினியத் தட்டுகளின் சத்தம் ஆரம்பிக்கும்.

கஞ்சி ஊற்றுகிற வேலை அன்னம்மாளுடையது. அவள் ஓரிக்கைப் பக்கத்தவள். அவளுடைய தாய் தகப்பன் அடுத்தவர் கழனியில் நட்டு அறுத்தவர்கள். பிறகு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள். அன்னம்மாளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி. காலையில் வீட்டுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு நேராகக் கஞ்சித்தொட்டிக்கு வந்துவிடுவாள். அவள் கையால் ஊற்றுவதா என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் அந்த முணுமுணுப்பைப் பசி தின்றுவிட்டது.

சித்திரையில் ஒருநாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, வெறுங்கஞ்சியே ஊத்திக்கினு இருந்தா போதுமா? கொயந்தைங்களுக்கு வாயோரமெல்லாம் வெடிச்சுக்கினு வருது, பாத்தீங்களா?"

"அதுக்கு இன்னாம்மா பண்ணச் சொல்ற? நாளைக்கு நொய் இருக்குதா இல்லையான்னே தெரியல எனக்கு" என்றார் துரைக்கண்ணு.

"ஊரு முச்சூடும் தோட்டத்துல மாங்கா உதுந்து நாறுது. வவ்வாலும் அணிலும் துன்னது போக மிச்சத்தக் குப்பையில கொட்றாங்க. பப்பாளி மரத்துலயே அழுவுது. நாமளே போய்ப் பறிச்சுக்கிறோம்னு கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"யாரு ஏறுவாங்க மரம்?"

"ஏணி வச்சிருக்கிறவன் ஏறுவான்" என்றாள் அன்னம்மாள்.

ஏணி வைத்திருந்தவன் சிட்டிபாபு. டூரிங் டாக்கீசுக்குப் போஸ்டர் ஒட்டுகிறவன். நெட்டையான ஆள். சைக்கிளில் ஏணியையும் பசை வாளியையும் கட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே போவான். வெயில் ஏறுவதற்குள் போஸ்டர் வேலை முடிந்துவிடும். "சும்மா தூங்கறதுக்கு மரத்து மேல உக்காந்து ஊரப் பாக்கலாமே" என்று வந்து சேர்ந்தான்.

காஞ்சிபுரத்து வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். கூடம், சமையல்கட்டு, கிணற்றடி எல்லாவற்றையும் தாண்டிப் போனால்தான் தோட்டம். இவர்கள் இரண்டுபேரையும் அந்த வழியாக விட யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குப் பின்சந்து இருந்தது. ஒவ்வொரு தோட்டத்தின் கடைக்கோடியிலும் சந்தைப் பார்த்து ஒரு கதவு உண்டு. அதைத் திறந்துவிட்டு, "பறிச்சுக்கோ, கிளைய ஒடிக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அன்னம்மாள் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காய்தான் அவளுக்குக் கணக்கு. மாங்காயை வெல்லம் போட்டுப் பச்சடி ஆக்கினாள். பப்பாளிக் காயைத் துருவிப் பருப்போடு கூட்டுச் செய்தாள். சப்போட்டாவைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

ஒரே ஒரு தோட்டத்துக்கு மட்டும் பின்கதவு இல்லை. கதவு இருந்த இடம் தெரிந்தது. நிலைக்கல்லுக்கு நடுவே செங்கல் வைத்துக் கட்டிப் பூசியிருந்தார்கள். மதிலுக்கு மேலே இரண்டு ருமானி மாமரங்கள் காய்த்துத் தொங்கின. பழம் உருண்டையாக, மஞ்சளாக, மெழுகு தடவினதுபோல மினுங்கியது. ஒரு பலாவின் தலையும் தெரிந்தது.

அது வரதராஜன் வீடு. மாகறலில் நிலம் உள்ள குடும்பம். அவர் டவுனுக்கு வந்து விறகுத் தொட்டி வைத்து நன்றாக வந்தவர். அவர் மனைவி கிருஷ்ணவேணிக்கு இளகின மனசு என்று பெயர். அன்னம்மாளும் சிட்டிபாபுவும் தெருப்பக்கம் சுற்றிவந்து வாசலில் நின்று கேட்டார்கள். கிருஷ்ணவேணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"நொய் வேணுமா, ரெண்டு படி தரேன். வெறகு வேணுமா, தொட்டியில சொல்லி அனுப்பறேன். தோட்டத்துக்கு மட்டும் வேணாம்மா."

"பழம் உதுந்து கெடக்குதேம்மா. வாசன சந்து வரைக்கும் அடிக்குது" என்றாள் அன்னம்மாள்.

"பாம்பு இருக்குது."

"பாம்புன்னா நான் புடிக்கறேங்க" என்று சிட்டிபாபு முன்னால் வந்தான்.

"வேணாம்பா. சொன்னாக் கேளு." அவள் குரல் திடீரென்று மாறியதை இரண்டுபேருமே கவனித்தார்கள். "நானே அனுப்பறேன். காலைல வாசல்ல வச்சிருப்பேன், எடுத்துக்கோங்க."

மறுநாள் காலையில் வாசலில் கூடை இருந்தது. அன்னம்மாள் அதைக் கஞ்சித்தொட்டிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தாள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழங்களைக் காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தது. ஒன்றில்கூட அடிபட்ட கறுப்பு இல்லை.

"பாபு, இது உதுந்த பழம் இல்ல" என்றாள். "காம்போட அறுத்து, பால் வடிய உட்டு அடுக்கியிருக்குது. மரத்துல ஏறியோ, கோல்ல பை கட்டியோ பறிச்சது."

"அந்தம்மாவா ஏறும்?"

"அதான் தெரியல."

"அவரு? வரதராஜன்?"

"அவருக்கு வாசப்படி ஏறினாலே மூச்சு வாங்குது."

சிட்டிபாபுவுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையில் விசாரித்தான். உள்ளே சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள் என்றார் ஒருவர். மதுக்கடைகளை அடைத்திருந்த காலம் அது. புதையல் எடுத்த குழி இருக்கிறது என்றார் இன்னொருவர். வரதராஜனின் தம்பி கைலாசம் இருந்தால் கேட்கலாம், அவன் பம்பாய்க்குப் போய் வருஷம் ஆறாகிறது, கடுதாசிகூட இல்லை என்றும் யாரோ சொன்னார்கள்.

கூடை தினமும் வந்தது. இன்னொரு அதிசயமும் நடந்தது. சந்தில் நின்று சிட்டிபாபு ஒருநாள், "பழமா வருது யக்கா, பச்சடிக்குக் காயா வந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் கூடையில் பாதி காய். தற்செயலாக இருக்கும் என்றாள் அன்னம்மாள். சிட்டிபாபு விடவில்லை. அடைத்த கதவுக்கு எதிரே நின்றுகொண்டு, "நார்த்தங்கா கெடச்சா உப்பு போட்டு வைக்கலாமே!" என்று சத்தமாகச் சொன்னான். மறுநாள் மாங்காய்க்கு மேலே நார்த்தங்காய்கள் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தன.

"செவுத்துக்குக் காது இருக்குது யக்கா" என்றான் கண்கள் விரிய. "கையும் இருக்குது."

வைகாசியில் அடுத்த வீட்டு நாவல் மரம் பழுத்தது. அந்த வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டார். சிட்டிபாபு ஏணி வைத்து, ஏணிக்கு மேலே கிளை பிடித்து உச்சிக்குப் போனான். நாவல் பறிக்க அவ்வளவு உயரம் தேவையில்லை என்பது கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நின்ற அன்னம்மாளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. அவளுக்கும் ஆவல்தான்.

அங்கிருந்து பார்த்தால் வரதராஜன் தோட்டம் முழுதும் தெரிந்தது. கூட்டிப் பெருக்கின தரை. பலாவடியில் ஓடு போட்ட ஓர் அறை. அதன் வாசலில் கோலம். ருமானி மரத்தடியில் ஒரு மனுஷன் மூங்கில் கோலோடு நின்று அண்ணாந்து பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோலின் நுனியில் வலைப்பை, பையின் வாயில் சின்னக் கத்தி. இடது கை துணியால் சுற்றியிருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. ஏதோ அசைவு கேட்டு அவன் இந்தப் பக்கம் திரும்பினான். முகம் தடித்து, புருவ மயிர் உதிர்ந்து, காது மடல் கனத்துத் தொங்கியது.

அவன் ஓடி ஒளியவில்லை. சிரித்தான். "பாட்டு பாடிக்கினு போறது நீங்கதானா?" என்று கேட்டான். "இவ்ளோ ஒசரமா இருப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

சிட்டிபாபு மரத்திலிருந்து இறங்கினான் என்பதைவிட வழுக்கினான் என்றுதான் சொல்லவேண்டும். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அன்னம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் மெதுவாக, "பெருவியாதி யக்கா, குஷ்டம்" என்றான். அன்றைக்கு அவன் பாடாமல் வீட்டுக்குப் போனான்.

விஷயம் துரைக்கண்ணுவிடம் போயிற்று. அவர் கெட்ட மனுஷர் இல்லை. துண்டை எடுத்து முகத்தை ஒத்திக்கொண்டார்.

"இத்தன நாளா அவரு தொட்டதத்தான் போட்டிருக்கிறோமா?"

"பழத்துல வராதுண்ணே அது" என்றாள் அன்னம்மாள்.

"உனக்குத் தெரியும், சரி. வரிசைல நிக்கிறவனுக்கு? ஒருத்தன் சொன்னாப் போதும், நாளைக்கு இந்த எடமே காலி. கஞ்சியும் போவும், பச்சடியும் போவும். அந்தக் கூடைய இனிமே எடுக்க வேணாம்மா."

அன்னம்மாள் வாதாடவில்லை. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

கூடை வாசலிலேயே இருந்தது. முதல்நாள் கிருஷ்ணவேணி, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் புதுக்கூடை வைத்தாள். சாயங்காலம் அதில் எறும்பு மொய்த்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது, பம்பாய்க்குப் போனதாக ஊர் நம்பியிருந்த கைலாசம் கிணற்றடியில் நின்றிருந்தான். கூடையைப் பார்த்தான்.

"என்னைப் பாத்துட்டாங்க அண்ணி. அதான்" என்றான். "நான் உள்ள போயிருக்கணும். பேசணும்னு ஆசையா இருந்துச்சு, பேசிட்டேன்."

அன்னம்மாளும் சிட்டிபாபுவும் வாசலுக்கு வருமுன்பே, பழம் அனுப்பலாம் என்று கிருஷ்ணவேணியிடம் சொன்னது கைலாசம்தான். சந்தில் இவர்கள் பேசுவதை மதிலோரம் உட்கார்ந்து கேட்டவன் அவன். மரத்தில் தொங்குவது யாருக்கோ சோறாகிறது என்று தெரிந்த நாளிலிருந்து விடியுமுன் எழுந்து கோலை எடுத்துக்கொள்வான். வலையும் கத்தியும் அவனே யோசித்துச் செய்தவை. விரலில் உணர்ச்சி இல்லாததால் காம்பைக் கையால் திருகினால் எப்போது அறுபட்டது என்று அவனுக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் அவன் இந்த இரண்டு மாதம்தான் அவளிடம் நாளையைப் பற்றிப் பேசியிருந்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் கிருஷ்ணவேணி குடை பிடித்துக்கொண்டு ஓரிக்கைச் சாலையில் நடந்தாள். அன்னம்மாள் இருந்த குடியிருப்புக்கு அவள் மாதிரி வீட்டுப் பெண் யாரும் அதுவரை போனதில்லை. அன்னம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"கூடைய ஏன் எடுக்கல?" கிருஷ்ணவேணி உட்காரவில்லை.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேம்மா."

"அவரு தொட்டதுன்னுதான?"

"எனக்கு அது ஒண்ணுமில்ல. ஜனங்க பயப்படுவாங்கன்னு துரைக்கண்ணு அண்ணே சொல்றாரு." அன்னம்மாள் புடவையில் கையைத் துடைத்தாள். "எம்மா, தப்பா நெனைக்காதீங்க. மருந்து எதனா பாத்தீங்களா?"

"பாக்காம? வைத்தியர் ஒருத்தர் தைலம் குடுத்தாரு. வரதராஜப் பெருமாளுக்கு வேண்டிக்கினோம். ஒண்ணுத்துக்கும் கேக்கல."

"மாத்திர?"

கிருஷ்ணவேணி இல்லை என்று தலையசைத்தாள்.

"என் தங்கச்சி எல்லம்மாவுக்கு வந்துச்சும்மா இதே. மொதல்ல தேமல் மாதிரிதான். வியாழக்கெழம வியாழக்கெழம செங்கல்பட்டு ரோட்டுல ஜீப்பு வரும். புளிய மரத்துக்கு அடியில மேசை போட்டு வெள்ளை மாத்திர குடுப்பாங்க. காசு கெடயாது. வருஷக் கணக்கா துன்னா. இப்ப பாருங்க, ரெண்டு புள்ள பெத்து, நல்லா இருக்கிறா. வெரலு மடங்கினது நிமிராது. ஆனா மேல ஏறாது, யாருக்கும் தொத்தாது."

"ஊரே பாக்கற எடத்துல வரிசைல நிக்கணுமா?"

"நிக்கணும்மா."

கிருஷ்ணவேணி அப்போதுதான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "என் பொண்ணு இந்திராணிக்குத் தென்னேரில சம்பந்தம் முடிவாயிருக்குது. ஆவணில கண்ணாலம். இது வெளிய தெரிஞ்சா நின்னுடும். எங்க வூட்டுக்காரரு சாமானியத்துல ஒத்துக்க மாட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடு" என்றாள்.

அன்னம்மாள் தயங்கினாள். பிறகு பானையில் மொண்டு கொடுத்தாள். கிருஷ்ணவேணி அண்ணாந்து குடித்துவிட்டு எழுந்தாள்.

"நீ வந்து ஒரு தபா அவரப் பாரு. இப்பவே வா."

"எந்த வழியாம்மா வர்றது?"

"வழி ஒண்ணுதான் இருக்குது" என்றாள் கிருஷ்ணவேணி.

வரதராஜன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்குப் பின்னால் அன்னம்மாள் நிலைப்படியைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் பிசைந்த கை இலையிலேயே நின்றது.

"இது இன்னாடி கூத்து?"

"தோட்டத்துக்குக் கூட்டிக்கினு போறேன்."

"பின்பக்கமா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பின்பக்கம் ஏது? நீங்கதான வச்சு அடைச்சீங்க" என்று சொல்லிக்கொண்டே கிருஷ்ணவேணி நடந்தாள். அன்னம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடம், சமையல்கட்டு, கிணற்றடி எல்லாவற்றையும் தாண்டினாள். பிரசவ ஆஸ்பத்திரியில் எத்தனையோ வீட்டுக் குழந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறாள்; அந்த வீடுகளில் ஒன்றின் உட்புறத்தைக்கூட அதற்குமுன் அவள் பார்த்ததில்லை.

கைலாசம் அறை வாசலில் நின்றிருந்தான். யாராவது வந்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வான் என்று நினைத்திருந்தாள். அவனோ கேள்விகளோடு காத்திருந்தான்.

"நீங்கதான் அன்னம்மாவா? கொரலுக்கு இன்னும் வயசானவங்கன்னு நெனச்சேன். மாங்கா பச்சடிக்கு வெல்லமா சக்கரையா? கொயந்தைங்களுக்கு வாய்ப்புண்ணு ஆறிச்சா? அந்தப் பாட்டுக்காரரு நல்லா இருக்கிறாரா? ரெண்டு நாளா சந்துல சத்தத்தயே காணோம்."

அன்னம்மாளுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. "இருப்பா, ஒண்ணொண்ணா கேளு" என்றாள். அவன் கையை எடுத்துத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் சூடுபட்ட கொப்புளம் உடைந்திருந்தது.

"எப்ப சுட்டுக்கின?"

"தெரியல. தீஞ்ச வாசன வந்தப்புறம்தான் பாத்தேன். கண்ணால பாத்துத்தான் கைய வச்சுக்கிறேன்."

வரதராஜன் கை கழுவாமலேயே பின்னால் வந்து நின்றிருந்தார். மற்றவர்கள் அறியாத ஒன்றும் உண்டு: ஆறு வருஷமும் அந்தி சாய்ந்தால் தம்பியோடு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து பேசாமல் அவர் ஒருநாள்கூடப் படுக்கப் போனதில்லை. அன்னம்மாள் வியாழக்கிழமை ஜீப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் காய்ந்துகொண்டிருந்த தன் எச்சில் கையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆவணி ஆவட்டும். கண்ணாலம் முடியட்டும். அப்பால நானே காரு வச்சு இட்டுக்கினு போறேன். இத்தன வருஷம் பொறுத்தான், மூணு மாசம் பொறுக்க மாட்டானா?"

"அண்ணன் சொல்றதும் சரிதான் அண்ணி" என்றான் கைலாசம்.

"எது சரி?" என்று சமையல்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்திராணி. பத்தாவது முடித்த பெண். சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள் தட்டோடு நின்றாள். "எனக்காக சித்தப்பா உள்ள இருக்கணும்னு முடிவு பண்றீங்க. என்னை யாராவது கேட்டீங்களா?"

"உனக்கு இன்னாடி தெரியும்?" என்றார் வரதராஜன்.

"அவர் வெரலு ஒண்ணொண்ணா மடங்கினது தெரியும்பா. போன வருஷம் இது நேராத்தான் இருந்துச்சு." தன் மோதிர விரலை நீட்டிக் காட்டினாள். "ஆவணிக்குள்ள எது மடங்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

வரதராஜன் திரும்பிக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கைலாசம் வெள்ளை வேட்டி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, கூடத்தைக் கடந்து தெருவாசலுக்கு வந்தான். வாசலில் சிட்டிபாபு ஏணியில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அன்னம்மாள் சொன்னதைக் கேட்டுத் தானாகவே வந்திருந்தான்.

"பயந்துட்டேண்ணே அன்னிக்கு" என்றான்.

"நானும்தான். மேல இருந்து உயுந்துடப் போறீங்களோன்னு" என்றான் கைலாசம்.

தெரு வாசல்களில் பேச்சு நின்றது. ஒரு பெண் குழந்தையை இழுத்து உள்ளே விட்டாள். எதிர்வீட்டுக் குப்புசாமி, "பம்பாய்லேர்ந்து எப்ப வந்த?" என்று கேட்டுவிட்டு, முகத்தைச் சரியாகப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கைலாசம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகிறபோது அவனுக்குப் பார்த்தது போதவில்லை. "இந்தக் கட்டடம் எப்ப வந்துச்சு? இது இன்னா கொழா வெளக்கா? பொம்பளைங்க சைக்கிள் ஓட்றாங்களா இப்பல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே போனான். புளியமரத்தடி வரிசையில் முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் எல்லோரிடமும் ஊர் விசாரித்தான். அவர்களில் ஒருவர் பட்டு முதலாளி என்பதும் இன்னொருவர் வாத்தியார் என்பதும் அவனுக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்த வாரம் முடிவதற்குள் தென்னேரியிலிருந்து ஆள் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். வரதராஜன் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்திராணி அழுவாள் என்று கிருஷ்ணவேணி பயந்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ருமானி ருமானின்னு தட்டு தட்டாத் துன்னாங்களே. அத யாரு பறிச்சாங்களாம்?"

தூணில் சாய்ந்திருந்த வரதராஜனுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அடுத்த தை மாதம் மாகறலிலேயே வேறொரு இடம் அமைந்தது. அவர்கள் தோட்டத்துக்குப் போய்க் கைலாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்கள். ஆனால் அந்த ஆனி மாதத்தில் அது யாருக்கும் தெரியாது. வீடு இடி விழுந்ததுபோலத்தான் இருந்தது. விறகுத் தொட்டிக்கு ஆள் வரத்து குறைந்தது. உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்கு அழைப்பு வரவில்லை.

துரைக்கண்ணு ஒருநாள் தானே நேரில் வந்தார். கூடத்தில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "வேற தோட்டமெல்லாம் ஓஞ்சு போச்சும்மா. உங்க பலா மட்டும்தான் பாக்கி. குடுக்கிறீங்களா? யார் வூட்டுதுன்னு நான் சொல்லிட்டுத்தான் போடுவேன். வேணும்னா துன்னட்டும், வேணாம்னா கஞ்சி மட்டும் குடிக்கட்டும்."

அன்று அந்தத் தோட்டத்துக்குள் முதல்முறையாக ஆட்கள் போனார்கள். சிட்டிபாபு பலாவில் ஏறினான். கைலாசம் கீழே நின்று எந்தக் காய் முற்றியது, எது பிஞ்சு என்று சொல்லச் சொல்ல அவன் கயிறு கட்டி இறக்கினான். ருமானியில் கடைசியாக மிஞ்சியிருந்த காய்களை வலைக்கோலில் பறித்தார்கள். எல்லாவற்றையும் விறகு வண்டியில் ஏற்றிக் கூடம் வழியாக அல்ல, வரதராஜன் கடப்பாறை எடுத்து இடித்துவிட்ட பின்பக்கத்து வழியாகக் கொண்டுபோனார்கள்.

கைலாசம் வண்டியோடு போனான். கூட யாரும் வரச் சொல்லாமலேயே கிருஷ்ணவேணியும் நடந்தாள்.

வேப்பமரச் சாலையில் ஜனங்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கண்ணு நடுவில் நின்று, "இன்னிக்கு பலாக்கா கூட்டு, மாங்கா பச்சடி. வரதராஜன் தோட்டத்துது. அவரு தம்பி பறிச்சது. வேணாங்கறவங்க சொல்லிடுங்க, கட்டாயம் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார்.

சிலர் தட்டைக் கையால் மூடினார்கள். ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. மற்றவர்கள் தலையைத் தூக்கிக் கைலாசத்தைப் பார்த்தார்கள், பிறகு அன்னம்மாள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்கள். பச்சடி வாசனை அடித்தது. ஒரு குழந்தை தட்டை நீட்டியது. அதன் தாய் தடுக்கப்போய்த் தடுக்காமல் விட்டாள்.

கைலாசம் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்களுக்கெல்லாம் முகம் தேடிக்கொண்டிருந்தான் போலும். அன்னம்மாள் ஒரு தட்டை எடுத்து, "காலைலேர்ந்து வேல செஞ்சியே, நீயும் உக்காரு" என்றாள். வரிசையின் கடைசியில் இடம் இருந்தது. அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த கிழவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார். கைலாசம் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் மடியைச் சரிசெய்துகொண்டான்.

கிருஷ்ணவேணி மரத்தடியில் நின்றிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து தெருவில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டவள் இல்லை. கல்யாண வீட்டில்கூடத் தனிப் பந்திக்குக் காத்திருப்பவள். கஞ்சித்தொட்டியில் தட்டேந்தினாள் என்று நாளைக்கு மாகறல்வரை பேச்சுப் போகும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. அடுப்போரம் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்தாள். போய் அந்த இடைவெளியில் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, தட்டைத் தரையில் வைத்தாள்.

அன்னம்மாள் கஞ்சி வாளியோடு அவள் எதிரே வந்து ஒரு கணம் நின்றாள்.

"ஊத்தும்மா, நேரமாவுது" என்றாள் கிருஷ்ணவேணி.

அன்னம்மாள் ஊற்றினாள். பச்சடியும் வைத்தாள். கைலாசம் மடங்காத விரல்களால் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

"எப்படி இருக்குது அண்ணி?"

அவள் நிதானமாக மென்று பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.